கிரில்லை அறுத்தவள்

ஜோகுபாளையத்தின் அந்தச் சந்தில் பிரிஜெட்டைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல ஆள் கிடையாது. அவளும் பதிலுக்கு யாரைப் பற்றியும் நல்ல வார்த்தை சொன்னதில்லை. இந்திராநகரில் ஒரு பல் கிளினிக்கில் வரவேற்பு மேசை அவளுடையது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் நாள் முழுக்கக் கனிவாகப் பேசிவிட்டு, சந்துமுனையில் திரும்பியதும் முகத்தைப் பூட்டிக்கொள்வாள். மேல்வீட்டுக்காரர்கள் எதிரே வந்தால் சுவரைப் பார்த்தபடி நடப்பாள். வீட்டு ஓனர் ராஜலக்ஷ்மி பழக்கதோஷத்தில் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டால்கூட பதில் வராது.

அவள் பிறவியிலேயே அப்படிப்பட்டவள் அல்ல. ஒரு மழைக்கால மாலை அவளை அப்படி ஆக்கியது.

ராஜலக்ஷ்மியின் கட்டிடம் ஒடுக்கமானது. தரைத்தளத்தில் ராஜலக்ஷ்மி. முதல் மாடியில் ஒரு வரிக் கணக்கர் ஆபீஸ். இரண்டாவது மாடியில் பிரிஜெட்டும் அவள் கணவன் தியோடரும். மூன்றாவதில் சேலத்திலிருந்து வந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஹரிஷும் அவன் மனைவி சிந்துவும். லிஃப்ட் கிடையாது. எல்லோருக்கும் சேர்த்து ஒரே மாடிப்படி. அந்தப் படிக்கு அடியில்தான் எல்லா வீட்டு மின்சார மீட்டர்களும். அதை ஒட்டித்தான் வண்டிகளும்.

இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது தியோடருக்கு இரண்டு கால்களும் இருந்தன. பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். புதுச் செருப்பு கடித்த புண் சர்க்கரை வியாதியால் ஆறாமல், கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. அதன்பிறகு இரண்டாவது மாடி அவனுக்கு ஜெயில். ஆஸ்பத்திரிக்கும் கிறிஸ்துமஸ் பூசைக்கும் மட்டும் இறங்குவான். கீழ்வீடு தேடாமல் இல்லை. ஒவ்வொரு இடத்திலும் அட்வான்ஸ் தொகையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாள் பிரிஜெட்.

அந்த மாலை மீட்டர் பெட்டியில் படபடவென்று பொறி பறந்து, படிக்கட்டு முழுக்கப் புகை ஏறியது. "தீ! தீ!" என்று கீழே யாரோ கத்தினார்கள். பிரிஜெட் தியோடரின் கக்கத்தில் கை கொடுத்து வெளியே இழுத்து வந்தாள். அவனால் அவசரத்துக்கு ஊன்றுகோலில் இறங்க முடியவில்லை. படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு படியாகத் தேய்ந்து இறங்கினான். அப்போதுதான் மேலிருந்து ஹரிஷும் சிந்துவும் ஓடி வந்தார்கள். ஹரிஷின் மார்பில் லேப்டாப் பை.

"ஆன்ட்டி, ஒதுங்குங்க! வழிய மறிக்காதீங்க!"

"ஒரு கை பிடிப்பா, இவர..."

அவன் பிடிக்கவில்லை. தியோடரின் தோளுக்கு மேலே காலைத் தூக்கி வைத்துத் தாண்டிப் போனான். பின்னால் வந்த சிந்துவின் கால் பட்டு ஊன்றுகோல் தடதடவென்று கீழே உருண்டது. கீழே போனவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. முதல் மாடி ஆபீஸ்காரர்களும் போயிருந்தார்கள். புகைக்குள் புருஷனும் பெண்டாட்டியும் இருமிக்கொண்டு நடுப்படியில் உட்கார்ந்திருந்தார்கள்.

தீ பரவவில்லை. எலக்ட்ரீசியன் வந்து ஒரு வயரை மாற்றினான். அவ்வளவுதான்.

"ஒண்ணும் ஆகலையே, எதுக்கு இத்தன பேஜாரு?" என்றாள் ராஜலக்ஷ்மி. மறுநாள் காலை ஹரிஷ் வழக்கம்போலச் சிரித்து, "குட் மார்னிங் ஆன்ட்டி" என்றான். பிரிஜெட் அவன் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். அவனுக்கு எதுவுமே ஞாபகம் இல்லை என்பது தெரிந்தது. அன்றிலிருந்து அவள் அந்தக் கட்டிடத்தில் யாரோடும் பேசுவதை விட்டாள்.

பேச்சுக்குப் பதிலாக வேலை தொடங்கினாள். யாரும் வர மாட்டார்கள் என்று தெரிந்துவிட்டது. ஆகவே யாரும் வராமலேயே தியோடரை வெளியே கொண்டுபோக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டன் முட்டையாயிற்று. அந்த மிச்சத்தில் ஊறுகாய்க் கம்பெனி தூக்கிப்போட்ட நீல டிரம் ஒன்று வந்தது. அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் நிரப்பிக் குளியலறையில் வைத்தாள். வாசனை போக ஒரு மாதம் ஆயிற்று. கிளினிக்கில் தேதி முடிந்த சிறிய தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கிப்போட இருந்தார்கள். டாக்டரிடம் கேட்டு வாங்கி, ஒரு கடையில் மறுபடி அடைத்துக்கொண்டு வந்து கதவோரம் மாட்டினாள். கிழிந்த போர்வைகள், முகக்கவசங்கள், ஒரு டார்ச் விளக்கு, ஒரு விசில். தியோடரின் மாத்திரைகளும் ஆஸ்பத்திரிக் காகிதங்களும் ஒரு பையில்.

"பாகிஸ்தான்காரன் குண்டு போடப் போறானா?" என்றான் தியோடர்.

"நீ படியில உக்காந்திருந்தது மறந்துபோச்சா உனக்கு?"

"அதையே எத்தன வாட்டி சொல்லுவே?"

"நீ கீழ இறங்கிற வரைக்கும்."

ஆனால் எவ்வளவு சேர்த்தும் வெளியேற வழி இல்லை. மாடிப்படி ஒன்றுதான். மொட்டைமாடிக் கதவை, துணி காயப்போடுகிறோம் என்று தண்ணீர்த்தொட்டிப் பக்கம் கலீஜ் செய்கிறார்களாம், ராஜலக்ஷ்மி பூட்டி வைத்திருந்தாள். ஜன்னல், பால்கனி எல்லாவற்றிலும் சுவரோடு சேர்த்து வெல்டிங் செய்த இரும்புக் கிரில். திருடன் உள்ளே வராமலிருக்கப் போட்டது. உள்ளே இருப்பவனும் போக முடியாது.

சமையலறைக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் சின்னப் பால்கனியில் நின்று ஒருநாள் அவள் எதிரே பார்த்துக்கொண்டே இருந்தாள். கை நீட்டினால் எட்டிவிடும் தூரத்தில் பக்கத்துக் கட்டிடத்தின் மொட்டைமாடிச் சுவர். ஒரு பேக்கரியின் கிடங்கு அது, மாடி இரண்டு குறைவு. அவர்கள் மொட்டைமாடியும் இவள் வீட்டுத் தரையும் ஏறக்குறைய ஒரே மட்டம். அங்கிருந்து அடுத்த தெருவுக்கு இறங்க வெளிப்புறப் படி இருந்தது. நடுவில் இருந்தது இந்தக் கிரில் ஒன்றுதான்.

முதலில் முறையாகத்தான் கேட்டாள். ராஜலக்ஷ்மி துளசிமாடத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"கிரில்ல அறுக்கறதா? ஏம்மா, திருடன் வந்தா யாரு பதில் சொல்றது?"

"உள்பக்கம் பூட்டு போட்டுக்கறேன். செலவு என்னோடது."

"செலவு உன்னோடது, கட்டிடம் என்னோடது. நீ ஒருத்தி அறுத்தா நாளைக்கு மேல்வீடும் அறுக்கும். பேடா, பேடா" என்று கன்னடத்தில் வேண்டாமென்றாள்.

"தீ பிடிச்சா எங்க வீட்டுக்காரர எப்படி இறக்கறது?"

"கால் இல்லாதவர மாடியில வச்சுக்கிட்டது உன் தப்பு. கீழ்வீடு பாத்துக்கோ. நான் வேண்டான்னா சொன்னேன்?"

பிரிஜெட் மேலே ஏறினாள். நேராகப் பின்பால்கனிக்குப் போய்க் கிரில் கம்பிகளை எண்ணினாள்.

அடுத்த ஞாயிறு, பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ்ஸில் ஏறி அடுகோடிக்குப் போனாள். அங்கே தியோடரின் தம்பி டிரேவர் இரும்பு வேலைப் பட்டறை வைத்திருந்தான். மர்பி டவுனில் இருந்த அப்பாவின் வீடு கைமாறிய நாளிலிருந்து அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு கிடையாது. அண்ணனின் காலை எடுத்தபோதுகூட டிரேவர் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைகாட்டவில்லை. அந்தக் கோபம் பிரிஜெட்டுக்குள் இன்னும் இருந்தது. ஆனால் ஓனருக்குத் தெரியாமல் கிரில்லை அறுக்க வேறு எந்த வெல்டரும் சம்மதிக்கவில்லை.

"இன்னா அண்ணி, இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்றான் டிரேவர், முகக்கவசத்தைத் தூக்காமலே.

"உன்னப் பாக்க வரல. வேலை ஒண்ணு இருக்கு."

விஷயத்தைக் கேட்டதும் சிரித்தான். "அவன் கூப்பிட்டானா, நீயா வந்தியா?"

"அவருக்குத் தெரியாது."

"ஓசில செய்ய மாட்டேன். ஓசில செஞ்சா, நாளைக்கு உன் புருஷன் என்னத் திருடன்னு சொன்னத மாத்தி, பிச்ச போட்டவன்னு சொல்லுவான்."

"ஓசில யார் கேட்டா? மாசா மாசம் குடுக்கறேன். வேலை மட்டும் சுத்தமா இருக்கணும்."

ராஜலக்ஷ்மி திருப்பதிக்குப் போன நாளாகப் பார்த்து டிரேவர் வந்தான். தியோடர் தம்பியைக் கண்டதும் டிவியின் சத்தத்தைக் கூட்டினான். கிரைண்டர் போட்ட கூச்சலும் டிவியின் கூச்சலும் போட்டி போட்டன. மேல்வீட்டிலிருந்து ஹரிஷ் எட்டிப் பார்த்து, "ஆன்ட்டி, மீட்டிங்ல இருக்கேன், சத்தம் தாங்கல" என்றான். பிரிஜெட் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினாள்.

நடுவில் டிரேவர் சமையலறையிலிருந்தே கேட்டான். "அண்ணி, உன் புருஷனுக்கு இடுப்பு எவ்ளோ இருக்கும்?"

ஹாலிலிருந்து தியோடர் கத்தினான். "அவன்கிட்டச் சொல்லு, என் இடுப்ப வச்சு அவன் ஒண்ணும் பண்ண வேணாம்!"

"அளவு தெரியலன்னா கதவு வழியா பாதி இங்க, பாதி அங்கன்னு தொங்குவான்னு சொல்லு!"

பிரிஜெட் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய், திமிறியவனைப் பிடித்து அளந்தாள். மாலைக்குள் கிரில்லில் கீல் வைத்த சின்னக் கதவு ஒன்று முளைத்தது. உள்பக்கம் கொண்டி, பூட்டு. போகும்போது டிரேவர், கட்டுமான இடத்தில் சாரத்துக்குப் போடும் கனமான பலகை ஒன்றை டெம்போவிலிருந்து தூக்கி வந்து சுவரில் சாய்த்தான். அதைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அண்ணனைத் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனான்.

பலகையைக் கட்டிலுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே போட்டுப் பழக்கினாள் பிரிஜெட். பலகைமேல் குதிரையில் உட்கார்கிறாற்போல் உட்கார்ந்து, இரண்டு கையையும் முன்னால் ஊன்றி, உடம்பை இழுத்து நகர வேண்டும்.

"சர்க்கஸ்ல சேத்து விடப் போறியா என்ன?" என்று தியோடர் எரிந்து விழுந்தான்.

"சர்க்கஸ்காரன் உன்னச் சேத்துக்க மாட்டான். கைய முன்னால வை."

அவன் திட்டத் திட்ட, அவள் விடாமல் பழக்கினாள். ஒருமுறை விழுந்து முழங்கை சிராய்த்தது. ஒரு வாரம் பேசவில்லை. மறுவாரம் அவனாகவே பலகையை எடுத்துப் போடச் சொன்னான்.

சிவராத்திரி கழிந்து வெயில் ஏறத் தொடங்கிய சமயம், முதல் மாடிச் சுவரில் ஈரம் கசிகிறதென்று பார்க்க மேலே வந்தாள் ராஜலக்ஷ்மி. சமையலறைக்குப் பின்னால் போனவள் கிரில் கதவின் கொண்டியை இழுத்துப் பார்த்தாள். பிறகு சந்து முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"யாரக் கேட்டு அறுத்தே? உன் அப்பன் வீட்டு கிரில்லா இது?"

"உங்களக் கேட்டேன். நீங்க ஆகாதுன்னீங்க."

"ஆகாதுன்னா அறுக்கறதா? எங்கயும் பாக்காத கொழுப்பா இருக்கே! இத வெல்டிங் வச்சு மூடிட்டு, மே மாசத்துக்குள்ள காலி பண்ணு. மூடலன்னா அட்வான்ஸ்ல கைய வைப்பேன்."

"காலி பண்றேன். மூட மாட்டேன். நான் இருக்கற வரைக்கும் அது திறந்துதான் இருக்கும்."

மறுநாளே ராஜலக்ஷ்மி ஒரு வெல்டரை அனுப்பினாள். பிரிஜெட் கதவைத் திறக்கவில்லை. அதற்கு மறுநாள் இரண்டாவது மாடிக்கு மட்டும் தண்ணீர் வரவில்லை. ராஜலக்ஷ்மி வால்வை அடைத்துவிட்டிருந்தாள். கீழே போய்ச் சண்டை போடுவாள், கெஞ்சுவாள் என்று ராஜலக்ஷ்மி எதிர்பார்த்திருக்க வேண்டும். பிரிஜெட் போகவில்லை. நீல டிரம்மின் மூடியைத் திறந்து ஒரு செம்பு தண்ணீர் எடுத்து, அளவாக முகம் கழுவினாள். கிளினிக்கிலிருந்து திரும்பும்போது தெருக்குழாயில் இரண்டு கேன் பிடித்து வந்தாள். படியில் எதிரே வந்த சிந்து, "ஆன்ட்டி, எங்க வீட்டுல பிடிச்சுக்கோங்களேன்" என்று மெதுவாகச் சொன்னாள். பிரிஜெட் நிற்காமல் ஏறினாள். மூச்சு வாங்கியது, நின்று இளைப்பாறினால் அவர்கள் பார்ப்பார்களே என்று நிற்கவில்லை. டிரம் பாதியாவதற்குள் ராஜலக்ஷ்மியே அலுத்துப்போய் வால்வைத் திறந்துவிட்டாள். பிரிஜெட் முதல் காரியமாக டிரம்மை நிரப்பினாள்.

ஹரிஷ் அந்த மாதம் ஒரு பேட்டரி ஸ்கூட்டர் வாங்கியிருந்தான். படிக்கு அடியில், மீட்டர் பெட்டியிலிருந்து ஒரு நீட்டு வயர் இழுத்து இரவும் பகலும் சார்ஜ் போட்டான். பிரிஜெட் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்த வயரைப் பார்ப்பாள். ஒருமுறை தொட்டுப் பார்த்தாள், சூடாக இருந்தது. ராஜலக்ஷ்மியிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னாலும் கேட்கப் போவதில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிரிஜெட் காலைப் பூசைக்குப் போய் வந்து முட்டைக் குழம்புக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கீழே டமால் என்று ஒரு சத்தம். தொடர்ந்து பட்டாசுச் சரம் போல. கதவைத் திறந்தாள். படிக்கட்டு வழியாக வெள்ளைப் புகை சுவர்போல எழுந்து வந்தது. அதற்கடியில் சிவப்பாக ஏதோ துடித்தது. போன தடவை வந்தது போன்ற புகை அல்ல இது. தொண்டைக்குள் ஆணி அடித்தாற்போல் இருந்தது. கதவோரம் மாட்டிய சிலிண்டரில் கை வைத்தாள், உடனே எடுத்துவிட்டாள். இந்த நெருப்புக்கு முன்னால் அது விளையாட்டுச் சாமான். கதவை அடைத்தாள். போர்வையை டிரம்மில் முக்கி எடுத்து, கதவின் அடி இடுக்கில் திணித்தாள்.

"தியோ! பின்னால போ!"

தியோடர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஊன்றுகோலை எடுத்துச் சமையலறைக்கு நகர்ந்தான். அவள் கிரில் கதவின் பூட்டைத் திறந்து, பலகையைத் தள்ளி எதிர்ச்சுவரில் ஊன்றினாள். பழகியபோது கட்டிலும் மேசையும் அசையவில்லை. இங்கே பலகையின் எதிர்முனை சுவர்மேல் ஆடியது. அந்தப் பக்கம் யாராவது பிடித்தால்தான் ஆகும். அவள் போய்ப் பிடித்தால் இங்கே இவனைத் தூக்கி ஏற்ற ஆள் இல்லை. இத்தனை மாதம் யோசித்ததில் இது அவளுக்குத் தோன்றவே இல்லை.

அப்போதுதான் வாசல் கதவு இடிபட்டது.

"ஆன்ட்டி! திறங்க! மாடிக்கதவு பூட்டியிருக்கு! ஆன்ட்டி!"

ஹரிஷின் குரல். கூடவே சிந்து இருமும் சத்தம். பிரிஜெட் ஹாலுக்கு வந்து கதவுக்கு முன்னால் நின்றாள். கை தாழ்ப்பாளில் இருந்தது. திறக்கவில்லை. தியோடரின் தோளுக்கு மேலே தூக்கிய அந்தக் கால் கண்ணுக்கு முன்னால் வந்தது. கதவு இன்னொரு முறை அதிர்ந்தது. உள்ளே இருந்து தியோடர், "பிரிஜெட்!" என்று கத்தினான். எவ்வளவு நேரம் நின்றாள் என்று பிற்பாடு அவளுக்கே தெரியவில்லை. நின்றாள் என்பது மட்டும் தெரியும்.

தாழ்ப்பாளை நீக்கினாள். புகையோடு இருவரும் உள்ளே விழுந்தார்கள். கதவை அறைந்து சாத்தி, போர்வையை மறுபடி திணித்தாள். ஹரிஷ் திறந்த கிரில்லைப் பார்த்துவிட்டு நேராக அதை நோக்கி ஓடினான். பிரிஜெட் அவன் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். சட்டை கிழிந்தது.

"நீ கடைசியில. அவ முதல்ல போகட்டும்."

"ஆன்ட்டி, டைம் இல்ல..."

"அவ போய்ப் பலகையப் பிடிப்பா. நீ இங்க இருக்கற வரைக்கும் அவ விட்டுட்டுப் போக மாட்டா. நீ போனா திரும்பிப் பாக்க மாட்டே. ஏற்கெனவே பாத்தவ நான்."

ஹரிஷ் சுவரோரம் ஒதுங்கினான். சிந்து பலகையில் ஏறித் தவழ்ந்து அந்தப் பக்கம் குதித்து, பலகையின் முனையை மார்போடு சேர்த்து அழுத்திப் பிடித்தாள்.

"தூக்கு" என்றாள் பிரிஜெட்.

ஹரிஷ் தியோடரின் இடுப்பில் கை கொடுத்துத் தூக்கிப் பலகைமேல் உட்கார வைத்தான். தியோடர் கையை முன்னால் ஊன்றினான், உடம்பை இழுத்தான். கீழே இரண்டு சுவர்களுக்கு நடுவே இடுக்கின் இருட்டு. அவன் பார்க்கவில்லை. இன்னொரு இழுப்பு. சிந்து ஒரு கையை நீட்டி அவன் சட்டையைப் பற்றித் தன் பக்கம் சாய்த்தாள். இருவரும் அந்தப் பக்கம் சரிந்து விழுந்த சத்தம் கேட்டது.

"இப்ப போ" என்றாள் ஹரிஷிடம். அவன் போனான். கடைசியில் மாத்திரைப் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவள் போனாள். பின்னால் வாசல் கதவின் பெயின்ட் பொரியும் வாசனை வந்தது.

தெருவில் கூட்டம் சேர்ந்திருந்தது. தீயணைப்பு வண்டி சந்துக்குள் நுழைய முடியாமல் முனையில் நின்று குழாயை இழுத்துக்கொண்டிருந்தது. தரைத்தளத்திலிருந்து எப்போதோ வெளியே வந்துவிட்ட ராஜலக்ஷ்மி, நெருப்பு அடங்கியதும் அதிகாரியிடம் கன்னடத்தில் விளக்கிக்கொண்டிருந்தாள். மேலே இருந்தவர்கள் எப்படித் தப்பினார்கள் என்று அவர் கேட்டார். எங்கள் கட்டிடத்தில் பின்பக்கம் அவசர வழி ஒன்று வைத்திருக்கிறோம், அதன் வழியாக எல்லோரும் பத்திரமாக வந்துவிட்டார்கள் என்றாள்.

பிரிஜெட்டுக்கு அவ்வளவு கன்னடம் நன்றாகப் புரியும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள்.

"அந்த வழிய மூடச் சொல்லி வீட்ட காலி பண்ணச் சொன்னது இவங்கதான். மூடலன்னு தண்ணிய நிறுத்துனதும் இவங்கதான்" என்று கன்னடத்திலேயே சொன்னாள்.

"என்ன பேசறே நீ? புகையில மூள கலங்கிடுச்சா?" என்ற ராஜலக்ஷ்மி, ஹரிஷ் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுப்பா. நீதானே மேல இருக்கறே?"

அதிகாரியும் ஹரிஷைப் பார்த்தார். வெடித்தது அவனுடைய ஸ்கூட்டர். அந்த வயரை இழுக்க அனுமதி கொடுத்தது ராஜலக்ஷ்மி. ஹரிஷ் கிழிந்த சட்டையை இழுத்து மூடியபடி, "எனக்கு ஒண்ணும் தெரியாது சார், நான் வேலைக்குப் போறவன்" என்றான். சிந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

பேக்கரிக்காரர்கள் கொடுத்த பிளாஸ்டிக் நாற்காலியில் ஊன்றுகோல் இல்லாமல் உட்கார்ந்திருந்தான் தியோடர். பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகளை அடக்கிய குரல் அவனுக்கு இன்னும் இருந்தது.

"தெரியாதா? உன்ன உள்ள விட்டது யாருடா? ஓனரம்மாவா வந்து கதவத் திறந்தாங்க? சார், அந்தக் கதவப் போட்டது என் பெண்டாட்டி! வெட்டிக் குடுத்தது என் தம்பி! அடுகோடியில பட்டறை வச்சிருக்கான், போய்க் கேளுங்க! இந்தம்மா மேல் மாடிக் கதவுக்குப் போட்ட பூட்டும் இன்னும் அங்கயேதான் தொங்குது, அதையும் போய்ப் பாருங்க!"

அதிகாரி ஒரு ஆளை மேலே அனுப்பினார். போனவன் வந்து தலையாட்டினான். ராஜலக்ஷ்மி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் பின்வாங்கினாள்.

பிரிஜெட் கணவனைப் பார்த்தாள். 'என் தம்பி' என்ற சொல்லை அவன் வாயிலிருந்து கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று நினைத்தாள். பையிலிருந்து மாத்திரையை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

மறுநாள் சிந்து கிளினிக்குக்கு வந்தாள். கையில் ஒரு ஸ்வீட் பெட்டி. நோயாளிகளுக்கு நடுவே நின்று, "நேத்து அவரு அப்படிச் சொன்னது தப்பு ஆன்ட்டி. கேஸ் ஆயிடும்னு பயந்துட்டாரு" என்றாள்.

"பல் வலியா?" என்றாள் பிரிஜெட்.

"இல்ல ஆன்ட்டி..."

"அப்போ பின்னால நிக்கறவங்களுக்கு இடம் குடு."

சிந்து பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பிரிஜெட் அதைத் திறக்காமலே, கூட்டிப் பெருக்கும் பெண்ணிடம் கொடுத்துவிட்டாள். அன்று முழுக்க அவளுக்கு எரிச்சலாக இருந்தது. பலகையை மார்போடு அணைத்துப் பிடித்த அந்தப் பெண்ணின் முகம் திரும்பத் திரும்ப வந்தது. அது தன்னைக் கொஞ்சம் இளக்குவதுபோல் இருந்ததால் இன்னும் எரிச்சல்.

அதிகாரிகள் கட்டிடத்துக்கு மின்சாரத்தைத் துண்டித்தார்கள். மாடிப்படியைச் சரிசெய்யாமல் யாரும் குடியிருக்கக் கூடாது என்றார்கள். ராஜலக்ஷ்மி அட்வான்ஸில் கிரில்லுக்கென்று ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தந்தாள். பிரிஜெட் சண்டை போட்டாள், போலீஸ் நிலையம்வரை போனாள், கிடைக்கவில்லை. அதைச் சொல்லி இன்றைக்கும் திட்டுகிறாள்.

மர்பி டவுனில் ஒரு தரைவீடு கிடைத்தது. இருட்டான இரண்டு அறை, அடுப்படியிலேயே குளியலறை. ஆனால் படி கிடையாது. தியோடர் தினமும் ஊன்றுகோலோடு தெருமுனை டீக்கடைவரை போய் வந்தான். சில மாலைகளில் அங்கே டிரேவரும் வந்தான். இருவரும் ஒரே பெஞ்சில், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்து, கிரிக்கெட்டைப் பற்றிச் சண்டை போட்டார்கள்.

ஜூனில் முதல் பெருமழை வந்தது. வேலையிலிருந்து திரும்பிய பிரிஜெட், சாக்கடை பொங்கித் தண்ணீர் வாசல்படியின் விளிம்புவரை ஏறி நிற்பதைப் பார்த்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகி, நேராகப் புது ஓனர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

"வாசல்படிய உசத்தணும். சாக்கடைக்கு மூடி போடணும். இன்னொரு மழை வர்றதுக்குள்ள."

அந்த மனிதர் வாயில் பல்குச்சியோடு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"வந்து ஒரு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள ஆரம்பிச்சுட்டியாம்மா?"

"ஆமா" என்றாள் பிரிஜெட், நனைந்த காலோடு அவர் வீட்டுக்குள் ஓரடி எடுத்து வைத்தபடி. "உக்காந்து பேசலாமா, நின்னே பேசலாமா?"